தில்லையம்பலத்தின் சொல்லுக்குக் கட்டிய காசு

தில்லையம்பலம் சுஜாந்திக்கு ஆயிரத்து எண்ணூறு யூரோ கடன்பட்டிருந்தார். அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. ஏனென்றால் அதைக் கடன் என்று ஒத்துக்கொள்ள அந்த மனிதருக்குக் கோடை முடிந்து குளிர்ச்சட்டை போடுகிற காலம் வரை தேவைப்பட்டது. அதுவரை அதை ‘நட்டம்’ என்றுதான் சொல்லித் திரிந்தார். அதுவும் தன்னுடைய நட்டம் என்று.

வேறு ஆளாக இருந்தால் இது ஒரு கதையே இல்லை. ஆனால் தில்லையம்பலம் யார் என்று தெரிய வேண்டும். லா ஷப்பலில் தமிழ்க்கடைகள் நிறைந்த தெருவான ரூ பெர்தொனேயில் இன்றைக்குக் கண்ணாடிக் கதவு போட்டுக் கடை நடத்துகிறவர்களைப் பிடித்து, முதல்நாள் பாரிஸில் வந்து இறங்கியபோது யாருடைய கதவைத் தட்டினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பாதிப்பேர் அவருடைய பெயரைத்தான் சொல்வார்கள். மீதிப்பேர் பொய் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர், எண்பத்து நாலில் ஒரு தோள்பையோடு வந்தார், அந்தப் பையும் இரவல். உணவகங்களில் கோப்பை கழுவிக் கழுவி விரல் வெளுத்து, அந்தக் காசில் ஒரு பலசரக்குக் கடையை எடுத்தார். முருங்கைக்காயும் ஒடியல் மாவும் விமானத்தில் வந்து இறங்குகிற கடை. அரிசி மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்து, இதில் இரண்டு கிலோ குறைகிறது என்பார். தராசு பிறகு வந்து அவர் சொன்னதையே சொல்லும்.

இப்படிப்பட்டவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கொள்கை இருந்தது. விலை இல்லாத சாமானை நம்பக் கூடாது.

“சும்மா தாறான் எண்டால் அது திகதி முடியப்போற சாமான்” என்பார். தன் கடையில் திகதி முடியப்போகிற பிஸ்கட்டை அவர் அப்படித்தான் தள்ளிவிடுவார் என்பதால் அவருக்கு அதில் சந்தேகமே இல்லை. அரசாங்கப் பள்ளிக்கூடத்தையும் அதே தட்டில்தான் வைத்திருந்தார். அவருடைய மகன் கரிகாலன் அந்தச் சும்மா பள்ளிக்கூடத்திலேயே படித்து, இன்று கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு பெரிய காப்புறுதி அலுவலகத்துக்குப் போய் வருகிறான். அதை யாராவது எடுத்துச் சொன்னால் தில்லையம்பலம் சிரிப்பார். “அது பள்ளிக்கூடத்தின்ரை கெட்டித்தனம் இல்லை. என்ரை ரத்தம்.”

மாசி மாதத்தில் ஒருநாள் கிரிகோரி என்ற பிரெஞ்சு இளைஞர் கடைக்குள் வந்தார். நீலக் கோட்டு, பளபளவென்ற சப்பாத்து. ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு பழைய துணிக்கிடங்கை எடுத்துப் பள்ளிக்கூடமாக்கப் போகிறோம் என்றார். தனியார் பள்ளிக்கூடம். இந்த நாட்டில் அநேகமான தனியார் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கமே கொடுக்கும், கொடுப்பதால் கேள்வியும் கேட்கும். இது அந்த வகையில்லை. ஒரு கம்பனியின் முதலீட்டிலும் பெற்றோரின் காசிலும் மட்டும் ஓடப்போவது. கிரிகோரி அதை ஒளிக்கவில்லை. அரசாங்கம் எங்களுக்குள் மூக்கை நுழைக்காது என்று பெருமையாகவே சொன்னார். தில்லையம்பலத்துக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. அவரும் அரசாங்கத்தைக் கேட்டா எழும்பினார்?

ஒரு வகுப்பில் பதினைந்தே பிள்ளைகள். நீல நிறத்தில் மேற்சட்டை. பின்னேரம் ஆறு மணிவரை வைத்திருந்து வீட்டுப்பாடமும் முடித்து அனுப்புவார்கள். இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுக் கிரிகோரி சொன்னார்: “முசியே தில்லை, எல்லாரும் சொல்கிறார்கள், இந்தத் தெருவின் மேயர் நீங்கள்தானாம்.”

அவ்வளவுதான். அன்றைக்கே தில்லையம்பலம் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்டார்.

வைகாசிக்குள் ஏழு குடும்பங்கள் சேர்ந்தன. கிரிகோரி கொடுத்த வழவழப்பான புத்தகத்தை அவர்களில் ஒருவரும் சரியாக விரித்துப் பார்க்கவில்லை. தில்லை அண்ணை என்ன சொல்லுறார் என்றுதான் கேட்டார்கள். அதில் கடைசியாக வந்தவள் சுஜாந்தி.

முல்லைத்தீவுப் பக்கத்துப் பிள்ளை. பாரிஸுக்கு வந்து ஆறு வருடம். வீடு நகருக்கு வெளியே ஸ்தேனில், வேலை லா ஷப்பலில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில். புருசன் தவசீலனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. ஒரே மகள் தயாளினி, வயது பதினொன்று. செப்டெம்பரில் கொலேஜ் என்கிற நடுநிலைப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவள். ஸ்தேனில் அவர்களுக்கு விழுந்த அரசாங்கக் கொலேஜில் முந்தின வருடம் பிரெஞ்சு படிப்பிக்க ஆள் இல்லாமல் மாதக்கணக்கில் பிள்ளைகள் முற்றத்தில் நின்றிருக்கிறார்கள்.

“அண்ணை, உண்மையா நல்ல பள்ளிக்கூடமோ?” என்று கேட்டாள்.

“நான் சாமான் பாக்காமல் எடுக்கிறவனோ தங்கச்சி? எனக்குப் பேரப்பிள்ளை இருந்தால் அங்கைதான் விடுவன்.”

“முதல் தவணையே ஆயிரத்து எண்ணூறாம்.”

“காசைப் பாக்காதை, பிள்ளையைப் பார். உனக்குச் சீட்டு இருக்குத்தானே. கழிச்சு எடு.”

சீட்டும் அவர் பிடிக்கிற சீட்டுத்தான். பதினொரு பேர். மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் கூடுவார்கள். ஒருவர் எடுக்க, மற்றப் பத்துப் பேரும் ஆளுக்கு இருநூற்றைம்பது வைப்பார்கள். எடுத்தவரும் அடுத்த மாதம் முதல் மற்றவர்களோடு சேர்ந்து வைத்துக்கொண்டே வர வேண்டும். அவசரக்காரர் முந்தி எடுக்க வேண்டுமென்றால் தொகையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும். அந்தக் கழிவு மற்றவர்களுக்கு லாபம், அந்த மாதம் குறைத்துக் கட்டலாம். சுஜாந்தி கடைசிச் சீட்டுக்கு நிற்பதாக இருந்தவள், கழிவே இல்லாமல் முழுசாக எடுக்க. அந்த மாதம் நகைக்கடை அரியநாயகத்துக்கும் காசு தேவைப்பட்டது. அவர் முந்நூறு கழிவு என்றார், அவள் நானூறு என்றாள். அவர் ஐந்நூறு என்றார். அவள் சேலைத் தலைப்பை ஒருமுறை முறுக்கிவிட்டு, “அறுநூறு” என்றாள். அரியநாயகம் கையை விரித்துவிட்டார். பத்துப் பேரும் அன்றைக்கு ஆளுக்கு அறுபது யூரோ லாபத்தோடு வீட்டுக்குப் போனார்கள். தில்லையம்பலமும் அந்தப் பத்தில் ஒருவர்.

எடுத்த காசில் ஆயிரத்து எண்ணூறை அவள் அப்படியே அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். ரசீதுத் துண்டு கேட்கவில்லை. லா ஷப்பலில் சீட்டுக் காசுக்கு யார் துண்டு கேட்பார்கள்? கேட்டால் முகத்தில் காறித் துப்பியதற்குச் சமம். மற்ற ஆறு குடும்பங்களும் அதே மாதிரித்தான், கைக்குக் கை. தில்லையம்பலம் எல்லாவற்றையும் கடைக் கணக்கில் போட்டு, ஏழு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே காசோலை எழுதினார், தன் பெயரில். பன்னிரண்டாயிரத்து அறுநூறு. ஏழு காசோலை எழுதினால் ஏழு சின்ன ஆட்கள், ஒன்றாக எழுதினால் ஒரு பெரிய ஆள். கிரிகோரி அவரோடு கைகுலுக்குவதைப் படம்கூட எடுத்தார்கள்.

ஓகஸ்ட் கடைசியில் பிள்ளைக்கு நீல மேற்சட்டை வாங்க எங்கே போவது என்று விசாரிக்கப் போன ஒரு தாய்தான் ஓடிவந்து சொன்னாள், கதவில் பூட்டு என்று.

தில்லையம்பலம் கரிகாலனையும் கூட்டிக்கொண்டு போனார். கிடங்கின் இரும்புக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. மகன் வாசித்தான். தீயணைப்புப் பரிசோதனையில் கட்டடம் தேறவில்லை, கம்பனியிடம் காசு முடிந்துவிட்டது, நீதிமன்றம் பொறுப்பெடுத்துவிட்டது. காசு கட்டியவர்கள் இன்ன விலாசத்துக்கு எழுதலாம்.

“எழுது” என்றார் தில்லையம்பலம். “ஏழு குடும்பத்துக்கும் எழுது.”

“கட்டினவைதான் எழுதலாம், பப்பா. ஆர் கட்டினது?”

“நான்.”

“அப்ப நீங்கள் ஒராள்தான்.”

“சரி, எப்ப வரும்?”

மகன் கடதாசியைப் பார்த்தபடியே பிரெஞ்சில், “பெத்-எத்ர் ஜமே” என்றான். ஒருவேளை ஒருநாளும் வராது. தகப்பனின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தான். “யோசிக்காதேங்கோ. அவை உங்களுக்குத் தந்ததுக்கு ஒரு கடதாசியும் இல்லை. சட்டப்படி நீங்கள் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை.”

ஆறுதலுக்குச் சொன்ன சொல். தில்லையம்பலம் அதைக் கயிறாகப் பிடித்துக்கொண்டார். யார் கேட்டாலும், “எனக்குந்தான் நட்டம், என்னையும் ஏமாத்திப்போட்டாங்கள்” என்றார். கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள், கடைக்கு வருவதைக் குறைத்தார்கள். காசுமேசையில் இருக்கிற மனைவி கோசலைக்குத்தான் அது முதலில் தெரிந்தது.

“இஞ்சேருங்கோ, பள்ளிக்கூடத்துக்குக் காசு தந்த வசந்தரூபி எதிர்க்கடையிலை கருவேப்பிலை வாங்கிக்கொண்டு போறாள்.”

“போகட்டும். அங்கை மலிவாக்கும்.”

“கருவேப்பிலைக்கு ஒருத்தரும் றோட்டுத் தாண்டிறேல்லை” என்றாள் கோசலை.

பள்ளிக்கூடங்கள் திறந்து இரண்டாம் கிழமை சுஜாந்தி கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. “அண்ணை, பிள்ளை வீட்டிலை இருக்கிறாள். இடம் வேண்டாம் எண்டு ஆனியிலையே கொலேஜுக்குச் சொல்லிப்போட்டன். இப்ப என்னெண்டு போய் நிக்கிறது?”

வழி காட்டுவது என்றால் தில்லையம்பலத்துக்கு உடம்பில் ஒரு உசார் வந்துவிடும். கோட்டை மாட்டிக்கொண்டு அன்றைக்கே அவளோடும் பிள்ளையோடும் ஸ்தேனுக்குப் போனார். கொலேஜின் அலுவலகத்தில் மதலேன் என்ற செயலாளர் இருந்தார், மூக்கு நுனியில் கண்ணாடி, பக்கத்தில் ஆறிப்போன கோப்பி. தில்லையம்பலம் நாற்பது வருடக் குசினிப் பிரெஞ்சில் விஷயத்தைச் சொல்லி முடித்து, தோல் பணப்பையை எடுத்து மேசையில் வைத்தார்.

“கொம்பியன், மதாம்?” எவ்வளவு?

மதலேன் பணப்பையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். “எடுத்து உள்ளே வையுங்கள், முசியே. இங்கே ஒருவரும் கட்டுவதில்லை. பிள்ளைக்கு என்ன பெயர்?”

கால் மணித்தியாலத்தில் முடிந்தது. தயாளினிக்கு ஒரு வகுப்பு, ஒரு அட்டை, மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு படிவம். எழும்பும்போது மதலேன் ஒன்று சொன்னார்: “கணக்குக்கு இன்னும் ஆசிரியர் வரவில்லை. ஒவ்வொரு நாளும் மேலிடத்துக்கு எழுதுகிறேன். பொய் சொல்ல மாட்டேன்.” பிள்ளை அம்மாவின் கையை விட்டுவிட்டு பெரிய வகுப்புப் பெட்டை ஒருத்தியின் பின்னால் படியேறிப் போனாள், திரும்பிப் பார்க்காமல்.

பேருந்துத் தரிப்பில் தில்லையம்பலம் பணப்பையைத் தடவிப் பார்த்தார். காசு வாங்கிக்கொண்டவன் கதவைப் பூட்டிவிட்டு ஓடிவிட்டான். காசே வாங்காதவள் ஆறிய கோப்பியோடு இருந்து ஆள் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். இதை எந்தத் தராசில் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் விடவில்லை. “பாத்தியே, ஒரு சொல்லிலை இடம் எடுத்துத் தந்திட்டன்” என்றார்.

“ஓம் அண்ணை. பெரிய உதவி.” சுஜாந்தி பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். “காசு?”

“அது பள்ளிக்கூடம் எடுத்த காசு, தங்கச்சி. எனக்குந்தான் நட்டம்.”

“உங்களுக்கு என்ன நட்டம்?”

“என்ரை பேர்.”

“பேருக்கு மாதம் மாதம் சீட்டுக் கட்டத் தேவையில்லை, அண்ணை.”

பேருந்து வந்தது. அவள் ஏறினாள். அவர் அடுத்ததில் வருவதாகச் சொல்லிவிட்டு நின்றுகொண்டார்.

அந்த வார்த்தை தெருவுக்கு எப்படி வந்ததோ தெரியாது, ஒக்டோபர் முதல் ஞாயிறுக்கு முன்பே எல்லாருக்கும் ஒரு கணிப்பு இருந்தது. சுஜாந்தி இந்த முறை சீட்டுக் காசு வைக்க மாட்டாள். பள்ளிக்கூடக் காசில் கழித்துக்கொள்ளுங்கோ என்று சொல்லிவிடுவாள். அப்படிச் சொன்னால் தில்லையம்பலம் என்ன செய்வார்? கழித்தால் கடன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். கழிக்காவிட்டால் ஊர் முன்னால் சண்டை.

அவரும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அது வசதி. அவள் சீட்டை முறித்தால் குற்றம் அவள் பக்கம் போய்விடும். சீட்டு முறித்தவள் என்ற பெயரோடு அவள் யாரிடமும் கடன் கேட்கவும் முடியாது. அவர் அப்படி நினைத்தாரா என்றால், நினைத்தார். நல்ல மனிதருக்கும் அப்படி ஒரு நினைப்பு வரும்.

ஞாயிறு பின்னேரம் பின்னறை நிறைந்திருந்தது. இதுவரை ஒருவரும் இவ்வளவு நேரத்தோடு வந்ததில்லை. அரியநாயகம் ஒரு பருப்பு மூட்டையில் கால்மேல் கால் போட்டு இருந்தார்.

“என்ன மேயர், பள்ளிக்கூடம் எப்ப திறக்குது? நானும் சேருவம் எண்டு இருக்கிறன். நீல மேற்சட்டை எனக்கு எடுப்பாயிருக்கும்.”

“உமக்குப் பதினஞ்சு பேர் வகுப்புக் காணாது. உம்மடை வாய் இருக்கவே தனி வாங்கு வேணும்” என்றார் தில்லையம்பலம். சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது, சுஜாந்தி வாசலில் நின்றாள்.

வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். உள்ளே வந்து, கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த தாள்களை எடுத்து அவருக்கு முன்னால் மேசையில் வைத்தாள். இருநூற்றைம்பது. முழுசாக.

தில்லையம்பலம் தாள்களை எண்ணாமல் எடுத்துப் பெட்டியில் போடப் போனார்.

“எண்ணுங்கோ அண்ணை.”

“எதுக்கு? உன்னிலை நம்பிக்கை இல்லையோ எனக்கு?”

“எண்ணுங்கோ” என்றாள் மறுபடி. அவர் எண்ணினார். சரியாக இருந்தது.

“துண்டு தாறியளோ?”

அறைக்குள் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. தில்லையம்பலத்தின் காது சிவந்தது. “சீட்டுக் காசுக்கு எப்ப ஆர் துண்டு குடுத்தது? என்ரை கையிலை தந்தால் தந்ததுதான்.”

“அதைத்தான் கேக்க வந்தனான்.” அவளுடைய குரல் உயரவில்லை. “இந்தக் காசும் உங்கடை கையிலைதான் தந்தனான், துண்டு இல்லை. பள்ளிக்கூடக் காசும் உங்கடை கையிலைதான் தந்தனான், துண்டு இல்லை. கிரிகோரி ஆரெண்டு எனக்குத் தெரியாது. நான் அவரைக் கண்டதும் இல்லை. ஒரு காசு தந்ததாம், மற்றது தரேல்லையாம். எப்பிடி அண்ணை அது?”

இப்போதுதான் பின்னறைக்கு விளங்கியது. அரியநாயகம் காலை இறக்கி நிலத்தில் வைத்தார். அவருடைய கையில் எடுத்து வைத்திருந்த இருநூற்றைம்பது அப்படியே நின்றது, மேசைக்கும் மடிக்கும் நடுவில். மற்றவர்களும் அப்படித்தான். ஒருவருக்கும் துண்டு இல்லை. இத்தனை வருடமாக இந்த அறையில் மாறிய அவ்வளவு காசும் ஒரு மனிதனின் கையை நம்பித்தான் மாறியிருக்கிறது. அந்தக் கைக்கு வாங்கியது ஞாபகமில்லை என்றால் இன்றைக்கே சீட்டுக் கதை முடிந்தது.

தில்லையம்பலத்துக்கு மகன் சொன்ன சட்டம் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரு கடதாசியும் இல்லை. அதைச் சொல்லப் போனால் இந்த மேசையிலும் ஒரு கடதாசி இல்லை. சொன்ன மறுநிமிடம் அவர் வெறும் கடைக்காரர், முருங்கைக்காய் நிறுத்துக் கொடுக்கிற கிழவன். எதிரில் பத்துப் பேருடைய கண்கள். அதில் ஒரு சோடிக் கண்ணில்கூட இரக்கம் இல்லை.

“கோசலை” என்று கூப்பிட்டார். “கைப்பெட்டியைக் கொண்டு வா.”

கோசலை வாசலுக்கு வந்தாள். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ரூ பிலிப்-து-ஜிராரில் இரண்டாவது கடை எடுக்க மூன்று வருடமாகச் சேர்த்த முற்பணம். செவ்வாய்க்கிழமை கைமாற இருந்தது.

“யோசிச்சுத்தான் சொல்லுறியளோ?”

“கொண்டு வா. மற்ற ஆறு பேரையும் நாளைக்குக் கடைக்கு வரச் சொல்லு.”

பெட்டி வந்தது. தில்லையம்பலம் சுஜாந்தியைப் பார்த்து, “கையை நீட்டு” என்றார், அதட்டுகிற குரலில். குரலை வேறு எப்படி வைப்பது என்று அவருக்கு அந்த நேரம் தெரியவில்லை. அவள் வலது கையை நீட்டினாள், வெங்காயம் வெட்டித் தோல் கிழிந்த கை. அவர் ஐம்பது யூரோத் தாள்களாக ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எண்ணினார். ஆயிரத்து எண்ணூறு வந்ததும் நிறுத்தினார்.

“சரியே?”

கை மூடவில்லை.

“பள்ளிக்கூடக் காசு சரி” என்றாள் சுஜாந்தி. “ஆனால் அந்தப் பள்ளிக்கூடம் இல்லாட்டி நான் கடைசிச் சீட்டுக்கு நிண்டிருப்பன். அறுநூறு கழிச்சு எடுத்தனான், அண்ணை.”

தில்லையம்பலம் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். அந்த அறுநூறு எங்கே போனது என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு அறுபது. சிலர் அரிசி மூட்டையில் எழுதியிருந்ததை வாசித்தார்கள்.

“கழிவு கழிவுதான், மேயர்” என்றார் அரியநாயகம். “கேட்டது அவ. நாங்கள் கழிக்கச் சொன்னனாங்களோ?”

“நீர் சொல்லேல்லை” என்றார் தில்லையம்பலம். “நான் சொன்னனான்.”

பெட்டிக்குள் திரும்பக் கையை விட்டார். தாள்களை எடுத்து, பெருவிரலால் ஒன்றைப் பிரித்து, திறந்தபடியே இருந்த அந்தக் கையில் வைத்தார். ஐம்பது. நூறு. நூற்றைம்பது. இருநூறு, இருநூற்றைம்பது என்று ஒரு தாளையும் அவசரப்படுத்தாமல் போய், அறுநூறு என்று சொல்லிக் கடைசித் தாளை வைத்தார்.